படையலுக்கு அமர்ந்த பொலிகார்ப்பியோ

டிசம்பர் இருபத்தைந்தாம் நாள், வியாழக்கிழமை. வானத்தில் மேகம் ஒன்றுகூட இல்லை. வடகிழக்கிலிருந்து வீசிய குளிர்காற்று வயலில் இருந்த பூண்டுத் தாள்களையெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்த்துக்கொண்டிருந்தது. காற்று குளிர்ந்தாலும் வெயில் எங்கள் இலோகோஸ் வட்டாரத்து வெயில்தான். உச்சிவேளையில் அது யாருக்கும் சலுகை காட்டுவதில்லை. தும்லாவ் குடும்பத்தார் அனைவரும் பச்சை நிறத்தில் ஒரே மாதிரியான சட்டை அணிந்து, பூர்வீக வீட்டின் முற்றத்தில் கூடியிருந்தார்கள். பொலிகார்ப்பியோ தும்லாவ் மட்டும் தம் பச்சைச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, உணவு மேசைகளுக்கு நிழலாகச் சாய்த்துக் கட்டியிருந்த பெரிய பதாகையை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

பதாகையில் அவர் இறந்துபோயிருந்தார்.

ஆண்டுதோறும் அந்தக் குடும்பம் ஒரு பதாகை அச்சிடும். மேல் வரிசையில் மறைந்தோர், கீழ் வரிசையில் இருப்போர். மறைந்தோர் ஒவ்வொருவரின் படத்துக்கும் அடியில் ஒரு சிறு மெழுகுவர்த்தி அச்சில் எரியும். விழா முடிந்ததும் பதாகையை வீணாக்க மாட்டார்கள். இலோகோஸில் எதையுமே வீணாக்க மாட்டார்கள். சென்ற ஆண்டின் பதாகை இப்போது பன்றிக் கொட்டிலுக்குக் கூரை. மூத்தவர் சிம்ப்லீசியோ, கீழ் வரிசையில் இருந்த காலத்துச் சிரிப்போடு, அங்கிருந்து பன்றிகளைப் பார்த்து இன்றும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

பொலிகார்ப்பியோ அந்தச் சிம்ப்லீசியோவின் தம்பி. அவரைப் பற்றி ஊரார் அறிந்த முதற்செய்தி அதுவே. பல ஆண்டுகள் அதுவே கடைசிச் செய்தியாகவும் இருந்தது. அண்ணனின் ஞானஸ்நான உடையில் அவருக்கும் ஞானஸ்நானம் நடந்தது. அண்ணனுக்குப் பற்றாமல்போன காலணியில்தான் அவர் பள்ளிக்குச் சென்றார். அண்ணன் நகராட்சியில் அறிவிப்பு வாசிப்பவரானார். தம்பி லவாக் நகருக்கும் எங்கள் ஊருக்கும் இடையே ஜீப்னி என்னும் பயணிகள் வண்டி ஓட்டினார். குரல் என்னவோ இருவருக்கும் ஒன்றுதான். சந்தையின் மறுகோடியில் மீன் பேரம் பேசிக்கொண்டிருப்பவரையும் பொலிகார்ப்பியோவின் ஒரு கூப்பாடு திரும்பிப் பார்க்கவைத்து, வண்டியிலும் ஏற்றிவிடும். மணம் செய்துகொள்ளவில்லை. பெண் கேட்கத் துணிந்த ஒரேமுறையும், அண்ணன் அதே வீட்டில் முந்திக்கொண்டார் என்பார்கள்.

குடும்பக் கூடலில் முதல் வேலை படையல். பெற்றோர், பாட்டனார், மறைந்த அனைவருக்குமாகத் தனிமேசை போட்டு, சோறும் இறைச்சியும் வாழையிலையில் சுட்ட அரிசிப் பலகாரமும் கரும்புக் கள்ளும் வெற்றிலை பாக்கும் சுருட்டும் வைப்பார்கள். முழுதாகச் சுட்ட பன்றியின் இரண்டு காதுகளும் அவர்களுக்கே உரியவை. உயிரோடிருப்பவர்களில் மூத்தவர் எழுந்து, முன்னோரைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். அவர்கள் உண்டு முடியும்வரை வேறு எவரும் தட்டைத் தொடக்கூடாது. முப்பது ஆண்டுகளாக அழைத்தவர் சிம்ப்லீசியோ. அப்போதெல்லாம் பொலிகார்ப்பியோவின் வேலை, பன்றியின் மேல் ஈ உட்காராமல் பனையோலையால் விசிறுவது.

கடந்த மார்ச்சில் சிம்ப்லீசியோ காலமானார். துக்கம் ஆறியபின், பூண்டு வயலின் நடுவில் நின்று பொலிகார்ப்பியோ தனியே கைகூப்பிப் பேசிக்கொண்டிருப்பதை அவ்வழியே போன ஊரார் பலர் கண்டோம். படையல் அழைப்பை அவர் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்துநான்கு வயதில், வாழ்வில் முதன்முறையாக, மூத்தவருக்குரிய வேலை அவருக்கு வந்திருந்தது.

இந்த நிலையில்தான் பதாகை அவரை மேல் வரிசைக்கு உயர்த்திவிட்டது.

“சித்தப்பா, என்னை மன்னிச்சிருங்க,” என்று பதறினாள் மாரிவெல். சிம்ப்லீசியோவின் மகள், ஹொனலூலுவில் தாதியாக இருப்பவள். “படத்தையெல்லாம் மொத்தமா கடைக்கு அனுப்பினேன். கறுப்பு வெள்ளையெல்லாம் மேல போடுங்க, கலரெல்லாம் கீழ போடுங்கன்னு சொன்னேன். அவங்க அப்படியே போட்டுட்டாங்க.”

“என்னோடது கறுப்பு வெள்ளையா?”

“உங்ககிட்ட இருக்கிறதே அந்த ஒரு படம்தானே, சித்தப்பா? லைசென்சுக்கு எடுத்தது. படம் எடுக்கலாம்னு கூப்பிட்டாலே ஓடிடுவீங்க.”

“நல்லாத்தான் இருக்கு,” என்றார் பொலிகார்ப்பியோ, அண்ணாந்தபடியே. “தலையில எவ்வளவு முடி! எங்க அண்ணனைவிட நான்தான் சின்னவனாத் தெரியறேன்.”

அப்போது குழம்புக் கரண்டியும் கையுமாக வந்தார் எலியூத்தேரியா. உடன்பிறந்த மூவரில் இளையவர், கணவரை இழந்தவர், சந்தையில் மீன்சாந்து விற்பவர். பதாகையைப் பார்த்தவர் மார்பில் சிலுவைக் குறி இட்டுக்கொண்டார்.

“கழட்டுங்கடா அதை!”

“கழட்டினா வெயில் நேரா பன்னி மேல விழும், அத்தை,” என்றான் மாரிவெலின் கணவன் ரோமுலோ. “தோலு தொவண்டுடும். மொறுமொறுப்பு போயிடும்.”

மொறுமொறுப்பு என்ற சொல்லுக்கு எதிராக எவரும் வாதாட முன்வரவில்லை. பதாகை அப்படியே இருந்தது.

“அப்ப இந்த வருஷம் நான் கூப்பிடறேன்,” என்றார் எலியூத்தேரியா.

பொலிகார்ப்பியோவின் முகம் மாறியது. “நீயா? எதுக்கு? மூத்தவன் நான் இருக்கேனே.”

“நீ மேல இருக்க. மேல இருக்கிறவன் மேல இருக்கிறவங்களையே கூப்பிடுவானா? எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கியா, அண்ணே? பேசாம பன்னிக்கு விசிறு.”

அவர் ஓலை விசிறியைக் கையில் வாங்கினார். சிறிது நேரம் அதையே பார்த்தார். பிறகு ரோமுலோவிடம் கொடுத்துவிட்டார்.

“சரிதான். நான் செத்துட்டேன்னு குடும்பமே சேந்து அச்சடிச்சு மாட்டிட்டீங்க. நான் ஒருத்தன் மட்டும் மாத்திப் பேசினா நல்லாருக்காது.”

இவ்வாறு சொல்லிவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துச் சென்று படையல் மேசையின் முன் போட்டு, மடியில் துண்டை விரித்துக்கொண்டு அமர்ந்தார்.

எலியூத்தேரியா அதைக் காணாதவர்போல, பதாகையைப் பார்த்து அழைக்கத் தொடங்கினார். “அப்பா அனக்லேத்தோ, வாங்க. அம்மா பாசிலிசா, வாங்க. சிம்ப்லீசியோ அண்ணே, வா.”

“நடுவுல ஒருத்தரை விட்டுட்டே,” என்றது படையல் மேசை.

“நீ சும்மா இரு.”

“அம்மாவுக்கு அடுத்தது யாரு? நல்லாப் பாத்துச் சொல்லு. கூப்பிடாத விருந்துல கைநனைக்கிறவன் இல்ல நான்.”

எலியூத்தேரியா இருதலைக்கொள்ளி எறும்பானார். அழைத்தால் உயிரோடிருக்கும் அண்ணனை இறந்தவனாக்க வேண்டும். அழைக்காவிட்டால் அவர் மேசையை விட்டு எழமாட்டார். “கூப்பிட மாட்டேன்! என் வாயால உன் பேரைச் சொல்லவே மாட்டேன்!”

“சரி, விடு. சொந்த வீடுதானே? கூப்பிடாமயே வந்தேன்னு வச்சுக்க.” பன்றியின் காது ஒன்றை எடுத்துக் கடித்தார். கூடல் நிகழ்ச்சியை நடத்தித்தரும் பொறுப்பு ஊராரில் ஒருவரான என்னுடையது. மேசையருகே நின்ற என் கையில் மைக் இருந்தது. அதை அணைக்க மறந்திருந்தேன். அந்தக் ‘கறுக்’ என்ற ஓசை முற்றம் முழுவதும் கேட்டது. பசியோடு நின்ற பச்சைச் சட்டைகள் அத்தனையும் ஒருசேர எச்சில் விழுங்கின.

அப்போதுதான் நிலைமையின் தீவிரம் எல்லாருக்கும் உறைத்தது. படையல் முடியாமல் தட்டைத் தொடக்கூடாது. படையலில் ஒருவர் உண்டுகொண்டிருக்கையில் முடிந்தது என்று யார் சொல்ல முடியும்? அவருக்கோ பற்கள் சிலவே மிச்சம். காதோ குருத்தெலும்பு நிறைந்தது.

“செத்தவங்க இவ்வளவு மெதுவாவா திம்பாங்க?” என்று முணுமுணுத்தான் ரோமுலோ.

“எங்களுக்கு அவசரமே இல்லையேப்பா,” என்றார் பொலிகார்ப்பியோ.

சோற்றிலிருந்து எழுந்த ஆவி அடங்கியது. பன்றியின் தோல், பதாகையின் நிழலிலேயே, கண்ணெதிரில் பளபளப்பு இழந்தது. பொலிகார்ப்பியோ இரண்டாவது காதுக்குச் சென்றார். கள் பருகினார். வெற்றிலையின் காம்பைக் கிள்ளினார். சுருட்டை மூக்கருகே வைத்து முகர்ந்தார்.

“முப்பது வருஷமா இந்த மேசைக்குப் பக்கத்துல நின்னு ஈ ஓட்டியிருக்கேன். இங்க இப்படி ஒரு மரியாதைன்னு ஒருத்தரும் சொல்லல. தெரிஞ்சிருந்தா அண்ணனுக்கு முன்னாடியே போயிருப்பேன்.”

“அப்படிப் பேசாத!”

கரண்டி தரையில் விழுந்து உருண்டது. எலியூத்தேரியாவின் சந்தைக்குரல் உடைந்துபோயிருந்தது.

“போன கிறிஸ்துமஸ்ல இதே எடத்துல நின்னுதான் அவன் கூப்பிட்டான். ‘வாங்க வாங்க’ன்னு கூப்பிட்டவனை அவங்க கூடவே கூட்டிட்டுப் போயிட்டாங்க. இப்ப உன் படமும் அங்க ஏறி நிக்குது. நீயே கூப்பிடவும் செஞ்சா? அதான் நான் கூப்பிடறேன்னேன். வந்தா என்னைக் கூட்டிட்டுப் போகட்டும்.”

பொலிகார்ப்பியோ மெல்லுவதை நிறுத்தினார்.

“இதுதானா விஷயம்? நான் அதுக்குத் தகுதி இல்லாதவன்னு நெனக்கிறியோன்னு நெனச்சேன்.”

“தகுதி உனக்கு எந்தக் காலத்துல இருந்துச்சு? நீ இருந்தாப் போதும், அவ்வளவுதான்.”

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். தோளில் கிடந்த பச்சைச் சட்டையை அணிந்தார். ஒரு பொத்தானை மாற்றிப் போட்டார். தங்கையே அதைச் சரிசெய்தார்.

“இங்க பாரு தேரி. அண்ணன் போனது முப்பது வருஷம் கூப்பிட்டதுக்கு அப்புறம். எனக்கும் அந்த முப்பதைக் குடு. நூத்தி நாலு வயசுல வந்து அழுவு, நான் குறுக்க பேசமாட்டேன்.”

எலியூத்தேரியா மூக்கை உறிஞ்சினார். பின்னர், முதன்முறையாக, அண்ணனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

நான் மைக்கை நீட்டினேன். அது வேண்டாம் என்று கையசைத்தார். கைகூப்பினார், கண்களை மூடினார், பூண்டு வயலில் அவ்வளவு நாள் ஒத்திகை பார்த்த அழைப்பு அத்தனையும் மறந்துபோய் நின்றார். காற்றில் பதாகை படபடத்தது. யாரோ ஒருவரின் வயிறு சத்தமிட்டது. அப்புறம், எந்தக் குரல் அவருக்கு என்றுமே மறக்காதோ அந்தக் குரல் தானே வெளிவந்தது.

“வாங்க வாங்க! அப்பா அனக்லேத்தோ, பாத்து ஏறுங்க! அம்மா, கையைக் குடுங்க! அண்ணே, நீ முன்னாடி வந்து உக்காரு, எப்பவும் உனக்கு முன்னாடிதானே! உள்ள தள்ளி உக்காருங்க, இன்னும் எடமிருக்கு!”

தெருவில் போன டிரைசைக்கிள் ஒன்று நின்றுவிட்டது.

“எடமிருக்குன்னு சொல்லாத, அண்ணே!” என்று அலறினார் எலியூத்தேரியா.

“பயப்படாத. எல்லாரும் எறங்கினதுக்கு அப்புறந்தான் ஓட்டறவன் எறங்குவான்.” பிறகு மேசைப் பக்கம் திரும்பி, கேட்பதுபோலச் சற்றே தலைசாய்த்து நின்று, “சாப்பிட்டாச்சாம். காதுதான் இல்லன்னு அண்ணனுக்குக் கோவம். மத்தபடி திருப்தி,” என்று அறிவித்தார்.

தும்லாவ் குடும்பத்தார் உணவின் மேல் பாய்ந்தார்கள். தோலில் மொறுமொறுப்பு சிறிதும் இல்லை. அதைப் பற்றிக் குறைபட எவருக்கும் வாய் ஒழியவில்லை.

பிற்பகலில் மாரிவெல் கைபேசியோடு வந்து, சித்தப்பா ஓடுவதற்குள் அவரை வண்ணத்தில் ஒரு படம் எடுத்துவிட்டாள். உதட்டில் வெற்றிலைச் சிவப்போடு அவர் நன்றாகவே விழுந்திருந்தார்.

“அடுத்த வருஷம் இந்தப் படத்தை எந்த வரிசையில போடட்டும், சித்தப்பா?” என்று கேட்டாள்.

பொலிகார்ப்பியோ படத்தை எட்டிப் பார்த்தார்.

“கீழ் வரிசையில போடு. காதை மட்டும் எனக்கு எடுத்து வை.”