உப்பு வெளிச்சத்தில் பிடித்த முகங்கள்

மூக்கு கடவுள் கொடுத்தது. ஆனால் படத்தில் அது பெரிதாகத் தெரிந்தால் தப்பு போட்டோகிராபருடையது. என்னைப்போல் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர் என்றால் உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எழுபதுகளின் ஆரம்பத்தில் மரக்காணம் உப்பளத்தில் மூட்டை எடை பார்க்கும் வேலையில் இருந்தேன். பாண்டிச்சேரியில் பழைய சாமான் கடையில் வாங்கிய ஒரு பெட்டி கேமராவும், எந்த வெளிச்சத்தில் எப்படி எடுப்பது என்று பிலிம் டப்பாவோடு வந்த துண்டுக் காகிதமும்தான் என் பள்ளிக்கூடம். பிறகு நடந்தவற்றில் சிலதைச் சொல்கிறேன்.

மூன்று பேரில் யார்?

உப்பு வாரும் கன்னியம்மாளையும் அவள் கூட்டாளிகள் இருவரையும் உப்புக் குவியலுக்கு முன்னால் நிற்கவைத்து, உச்சி வெயிலில் எடுத்தேன். வெளிச்சம் நிறைய இருந்தால் படம் நன்றாக வரும் என்று நம்பிய காலம். பாண்டிச்சேரியில் கழுவி வாங்கிவந்தால், வெள்ளை வெளேரென்ற குவியலுக்கு முன்னால் மூன்று கரிய உருவங்கள். கண் இருக்கவேண்டிய இடத்தில் குழி. கன்னியம்மாள் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் தான் யார் என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

சில நாள் கழித்து, காலையில் அவள் கூடையோடு ஒரு குவியலை நோக்கி நடந்துவந்தாள். சூரியன் அவள் முதுகுக்குப் பின்னால். முகம் இருட்டாக இருந்திருக்கவேண்டும், ஆனால் குவியலில் பட்ட வெயில் திரும்பி அவள் முகத்தில் விழுந்து பளிச்சென்று இருந்தது. குவியல் ஆளுக்குப் பின்னால் இருக்கக் கூடாது, எதிரில் இருக்கவேண்டும். எந்தக் காகிதமும் எனக்குச் சொல்லாதது அது. அங்கேயே நிறுத்தி எடுத்தேன். அடுத்த வாரம் படத்தைக் கொடுத்ததும் அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"கம்மலு கூட தெரியுதே. இதே மாதிரி எங்க மாமியாரையும் எடுங்க, அவங்க கோவமும் படத்துல விழுதான்னு பாப்போம்."

பாஸ்போர்ட்டுக்குப் போக மீதி

யாராவது ஆள் அனுப்பிக் கூப்பிட்டு நான் போய் எடுத்த முதல் படம் கூனிமேட்டில். அங்கே ஜமால் என்ற பையன் துபாய்க்குப் போகிறான், பாஸ்போர்ட்டுக்குப் படம் வேண்டும். முற்றத்தில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, அதற்கு முன்னால் முக்காலியில் உட்காரவைத்தேன். சிரிக்கக் கூடாது என்று ஏஜெண்டு சொல்லி அனுப்பியிருந்தார். அதைச் சொல்லவே தேவையிருக்கவில்லை. ஊரை விட்டுப் போகிற கவலையில் பையன் முகம் இறுகிப்போயிருந்தது.

வேலை முடிந்து கேமராவை மூடப்போனபோது, கதவோரம் நின்ற அவன் அம்மா மைமூன் இன்னொன்று எடுக்கச் சொன்னார். அவன் சட்டைக் காலர் மடங்கியிருந்ததாம், சரிசெய்ய வந்தார். முக்காலியின் ஒரு கால் மணலில் இறங்கி, ஜமால் சாய்ந்து அம்மாவைப் பிடித்துக்கொள்ள, இருவரும் சிரித்துவிட்டார்கள். என் விரல் தானாக அழுத்திவிட்டது. பெண்களைப் படமெடுத்தால் பிடிக்காத வீடாயிற்றே என்று பயந்து, இரண்டு படத்தையும் தனித்தனி உறையில் போட்டுக் கொண்டுபோனேன். வேண்டாம் என்றால் பிலிமையும் கொடுத்துவிடுகிறேன் என்றேன். மைமூன் அந்த இரண்டாவது படத்தை முக்காட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

"பாஸ்போர்ட்டு படத்த கவர்மெண்டு வெச்சுக்கட்டும் தம்பி. இது அவன் பெட்டிக்குள்ள போவுது."

ஓரத்தில் நின்றவர்

அனுமந்தையில் தேசிங்கு என்றொரு மீனவர். படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று சொல்லிக் கேமராவைக் கண்டாலே நகர்ந்துவிடுவார். ஒரு ஐப்பசியில் காற்று திடீரென்று திரும்பி அவருடைய கட்டுமரம் கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் கரை சேர்ந்தார்கள். அவர் வரவில்லை. அவர் மனைவி கஸ்தூரி என்னிடம் வந்து, வடக்கே ஒவ்வொரு துறைமுகமாகப் போய் விசாரிக்கத் தன் தம்பி கிளம்புகிறான், காட்டுவதற்கு ஒரு படம்கூட வீட்டில் இல்லை என்றாள். அவள் அழவில்லை.

யாரும் கேட்காமல் நானாக எடுத்துவைத்த படங்களையெல்லாம் கலைத்துப் பார்த்தேன். கரைவலை இழுக்கும் கூட்டத்தின் ஓரத்தில், நகர மறந்து, பட்டாணி அளவு முகத்தோடு தேசிங்கு. அதற்குள் நானே படம் கழுவிப் பிரதி போடக் கற்றிருந்தேன். சமையலறை ஜன்னலைக் கம்பளியால் அடைத்து இருட்டாக்கி, அந்தப் பட்டாணியைப் பெரிசுபண்ணினேன். உப்பைத் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக வந்தது. ஆனால் அவர்தான். கஸ்தூரியின் தம்பி அதை எடுத்துக்கொண்டு கிளம்பினான். சென்னைப் பக்கம் ஒரு டீக்கடைக்காரர் பார்த்துவிட்டு, விசைப்படகுக்காரர்கள் கடலிலிருந்து தூக்கிவந்த ஆள் போலிருக்கிறது, பேர் சொல்லக்கூட முடியாமல் ஜுரத்தில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று வழிகாட்டினார். அவரேதான். உடம்பு தேறியதும் கஸ்தூரி அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"படம் எடுத்தா ஆயுசு கொறையும்னு சொல்லிட்டிருந்தாரு. கொண்டாந்துட்டேன், நல்லா பெரிசா ஒண்ணு எடுங்க."

மலை வேண்டும்

அதன் பிறகுதான் எடை வேலையை விட்டேன். அப்பா பல நாள் என்னோடு பேசவில்லை. கடைத்தெருவில் ஒரு அறை பிடித்து, போர்டு எழுதுகிற பெயிண்டரைக் கொண்டு பின்னால் தொங்கவிடும் துணியில் அலையும் படகும் தென்னையுமாகக் கடலை வரையச் சொன்னேன். நம் ஊருக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று எனக்கு ஒரே பெருமை. முதலில் வந்தது மீனவர் குப்பத்துப் புதுமண ஜோடி. பெண் துணியைப் பார்த்ததும் புருஷன் காதில் ஏதோ சொன்னாள். அவன் தயங்கித் தயங்கி, மலை, அருவி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றதும் வெறும் சுவரே போதும் என்று நின்றார்கள். படம் அருமையாக வந்தது. போகும்போது அந்தப் பெண் எனக்கு ஆறுதலாகச் சொன்னாள்.

"கடலுதான் வீட்டு வாசல்லயே இருக்குதே அண்ணா. ஸ்டூடியோவுக்கு வந்துமா அத பாக்கணும்?"

இப்படி ஊரில் ஒரு முகம் விடாமல் பிடித்துவைத்த என்னுடைய கல்யாணத்துக்கு மட்டும் ஒரு படம்கூடக் கிடையாது, ஏனென்றால் மரக்காணத்தில் அன்றைக்கு இருந்த ஒரே போட்டோகிராபர் மாப்பிள்ளையாக மணையில் உட்கார்ந்திருந்தார்.