ஜுராந்திரின் ஒரே வாடிக்கையாளர்

படகு கரையை விட்டு நகர்ந்த பிறகுதான் ஜுராந்திர் மடிக்கணினியைத் திறப்பார். நித்தெரோயிலிருந்து வளைகுடாவைக் கடந்து ரியோ போய்ச் சேர்வதற்குள் நிரலில் ஒரு கட்டளை எழுதி முடிக்க வேண்டும். மாலையில் திரும்பி வரும்போது இன்னொன்று. அவ்வளவுதான் திட்டம். எதிர்க்கரையில் படகு முட்டி, ஜனங்கள் எழுந்து நெருக்கத் தொடங்கும்போது வேலை முடியவில்லையென்றால், எழுதியவரைக்கும் அழித்துவிட்டு மூடிவிடுவார். "பாதி வெந்த பீன்ஸை அடுப்பை அணைச்சுட்டு வச்சா புளிச்சுப் போகும். மறுபடி முதல்லேர்ந்து வேகவைக்கறதுதான் வயித்துக்கு நல்லது" என்பார்.

வளைகுடாவின் மேல் நீளமான பாலம் ஒன்று இருக்கிறது. பேருந்தில் போகலாம். துறைமுகத்துச் சரக்குக் கிடங்கு அலுவலகத்தில் கணக்கு நிரல்களைப் பார்த்துக்கொள்வதுதான் அவருக்குச் சோறு போடும் வேலை. அங்கே அவரைக் கேலி செய்வார்கள்: "பாலம் கட்டறவரு படகுல வராரு பாருங்கப்பா." ஜுராந்திர் கோபித்துக்கொள்வதில்லை. "பாலத்து மேல போனா பாலம் தெரியாதே" என்று சொல்லிவிட்டுக் காப்பி ஊற்றிக்கொள்வார்.

அவர் கட்டும் பாலம் கண்ணுக்குத் தெரியாதது. ஒரு கரையில் பெரிய கம்பைலர் லைப்ரரி: மனிதர் எழுதும் நிரலை எந்திரத்தின் சொந்தப் பேச்சாக மாற்றித் தரும் ஆலை. பல தேசத்தார் சேர்ந்து கட்டியது, கண்டிப்பு மிகுந்தது. மறுகரையில் லுவா: இந்த ஊர்ப்பக்கமே பிறந்த, எடை குறைந்த, எங்கே சந்து கிடைத்தாலும் நுழைந்துகொள்ளும் சின்ன மொழி. லுவாவில் நாலு வரி எழுதத் தெரிந்த ஒருவர் அந்த ஆலையின் எந்திரங்களை ஓட்ட வேண்டுமானால், நடுவில் யாராவது உட்கார்ந்து ஒவ்வொரு எந்திரத்துக்கும் லுவாவின் கைக்கு அடக்கமாய் ஒரு கட்டளையைக் கைப்பிடியாகச் செய்து பொருத்த வேண்டும். ஜுராந்திர் உட்கார்ந்திருக்கிறார். யாரும் கேட்கவில்லை; யாரும் காசு கொடுப்பதுமில்லை. ஆலைக்காரர்கள் ஆண்டுக்கு இரண்டு முறை புதுப் பதிப்பு போட்டு, சில எந்திரங்களைத் தூக்கிப் போட்டு, சிலவற்றுக்குப் பெயரை மாற்றிவிடுவார்கள். மற்றவர்கள் இதற்காகத் தலையில் அடித்துக்கொள்வதுண்டு. ஜுராந்திருக்கு அது வீட்டுக்கு வெள்ளையடிப்பது போல. அடித்து முடித்ததும் சிறிது நேரம் தள்ளி நின்று பார்ப்பார்.

"இப்பல்லாம் இந்தக் கைப்பிடியெல்லாம் மெஷினே செஞ்சிடுது, ஜுராந்திர். ஒரே நாள் வேலை" என்று அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் ஒருமுறை சொன்னார்.

"செய்யும். நல்லாவே செய்யும். ஆனா எது யாருக்குச் சொந்தம்னு அதுக்குத் தெரியாது. அதை ஆலைக்காரன் எங்கயும் எழுதி வச்சிருக்க மாட்டான். தொட்டுப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும்."

சொந்தம் என்பது அவருடைய பெரிய விசாரம். ஆலையில் எதைச் செய்வதானாலும் முதலில் ஒரு பட்டறை போட வேண்டும். செய்த சாமானெல்லாம் அந்தப் பட்டறைக் கூரையின் கீழேதான் உயிரோடிருக்கும். பட்டறையைப் பிரித்துவிட்டால் சாமானும் போச்சு. லுவாவிலோ ஒரு துப்புரவுக்காரர் இருக்கிறார். எந்தப் பொருளின் பெயரை இனி யாரும் சொல்லப்போவதில்லையோ அதை எடுத்து எறிந்துவிடுவார். எந்த நேரம் வருவார் என்று சொல்ல முடியாது. குப்பை சேர்ந்தால் வருவார். இந்த இரண்டு குணங்களையும் ஒரே வீட்டில் குடிவைப்பதுதான் ஜுராந்திரின் தொழில் நுட்பம். அதனாலோ என்னவோ, விருந்துக்குப் போனால் மேசையில் பாதி குடித்த கோப்பையைக் கண்டதும், "இது யாரோடது?" என்று கேட்காமல் அவரால் உட்கார முடியாது. சொந்தக்காரர் தெரியாமல் எதையும் கழுவ மாட்டார். அவருடைய மனைவி ஸொராய்டி நாலு பேர் முன்னால் சொல்வாள்: "கல்யாணத்தன்னிக்குப் பாதிரியார் வாயைத் திறக்கறதுக்குள்ள இவன் கேட்டான், மோதிரம் தொலைஞ்சா யாரு பொறுப்புன்னு. நான் அப்பவே ஓடியிருக்கணும்."

இத்தனை பாடுபட்டுக் கட்டிய பாலத்தில் நடப்பவர், அவருக்குத் தெரிந்து, ஒரே ஒருவர். மிர்ட்டெஸ் அம்மாள்; ஊர் வழக்கில் டோனா மிர்ட்டெஸ். தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர், அறுபதைத் தாண்டியவர். தொழிலாளர் மன்றக் கூடத்தில் சனிக்கிழமைப் பிற்பகல்தோறும் முதியவர்களுக்கு நடனம் நடக்கும். அங்கே வாசிக்கும் குழுவில் பேஸ் கிடார் அவருடையது. கிடாரின் ஒலியைக் கனமாக்கவும் நடுங்க வைக்கவும் காலால் மிதிக்கும் பெட்டி ஒன்றைத் தாமே செய்து வைத்திருக்கிறார். மிதிக்கும்போதெல்லாம் லுவா, ஜுராந்திரின் பாலத்தைக் கடந்து ஆலைக்குப் போய், அந்தப் பாட்டுக்கு வேண்டிய ஒலிமாற்றியைச் சுடச்சுட வார்த்துக் கொண்டுவரும்.

இருவரும் பழகிய கதையை ஸொராய்டி சொல்லிக் கேட்க வேண்டும். முதலில் மின்னஞ்சலில் சந்தேகம் கேட்டவர் எந்த நாட்டுக்காரரோ என்று ஜுராந்திர் ஆங்கிலத்தில் பதில் எழுதினார். இவர் ஏதோ வெளிநாட்டுப் பேராசிரியர் என்று மிர்ட்டெஸும் ஆங்கிலத்தில் எழுதினார். இருவருடைய ஆங்கிலமும் நொண்டி. மாதக்கணக்கில் இப்படியே அன்புள்ள ஐயா, அன்புள்ள அம்மணி என்று போயிற்று. ஒரு நாள் மிர்ட்டெஸ், இன்றைக்குப் பர்ரெட்டோ தெருவில் முழங்கால் தண்ணீர், நாளைக்குத்தான் சோதித்துப் பார்ப்பேன் என்று எழுதினார். ஜுராந்திர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். அதே தண்ணீர்.

இந்த மிர்ட்டெஸ்தான் மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேசையில் தொப்பென்று வைத்தார்.

"செத்துப்போச்சு மகனே. மூணாவது பாட்டு, நடுவுல. கிழவனுங்க எல்லாம் ஒரு காலைத் தூக்கினபடி நிக்கறானுங்க. ஆடிக்கிட்டிருந்த டோனா ஐராசியோட ஜோடி அவங்கள சாச்சுப் புடிச்சபடி, நிமித்தவா வேணாமான்னு என்னையே பாக்கறாரு."

"வீட்டுல வாசிக்கறப்போ?"

"வீட்டுல குதிரை மாதிரி ஓடுது. மேடைல, அதுவும் நேரம் ஆக ஆகத்தான். போன வாரமும் இப்படித்தான். அதுக்கு முந்தின வாரமும். சொல்லல, நீ வருத்தப்படுவேன்னு."

ஜுராந்திர் காப்பி கொண்டுவந்து வைத்தார். மிர்ட்டெஸ் அதைத் தொடவில்லை.

"இதோ பாரு, நமக்குள்ள ஒளிவு மறைவு வேணாம். வர்ற சனிக்கிழமையும் இது படுத்துதுன்னா, கடைல வாங்கின பழைய பெட்டிக்கே போயிடுவேன். அது ஒரே மாதிரி கத்தும், ஆனா கத்தும். கோவிச்சுக்காத."

"கோவம் எதுக்கு, டோனா மிர்ட்டெஸ்" என்றார் ஜுராந்திர். மிர்ட்டெஸ் போன பிறகு அந்தக் காப்பியை யார் குடிப்பது என்று கேட்கக்கூடத் தோன்றாமல் அப்படியே விட்டுவிட்டார். ஸொராய்டி அதைப் பார்த்துத்தான் விஷயம் பெரியது என்று தெரிந்துகொண்டாள்.

அந்த வாரம் படகில் புதுக் கட்டளை எதுவும் எழுதப்படவில்லை. தன்னுடைய சோதனை நிரல்களையெல்லாம் ஓட்டிப் பார்த்தார். ஒவ்வொன்றும் தேறியது. மிர்ட்டெஸின் பெட்டியில் செய்வதையெல்லாம் தன் கையால் புதிதாக எழுதி, ஆயிரம் முறை மிதிப்பது போல ஓடவிட்டார். அதுவும் தேறியது. எழுதினது யார், ஓட்டினது யார், எல்லாம் அவரேதான். வியாழக்கிழமை மாலை படகிலிருந்து இறங்கியவர், வீட்டுக்குப் போகாமல் மிர்ட்டெஸின் கதவைத் தட்டினார்.

"எனக்கு முன்னாடி புதுசா ஒண்ணு எழுதுங்க. முதல்லேர்ந்து. நான் வாயே திறக்க மாட்டேன்."

"நான் எழுதறதைப் பாத்தா நீ அழுவே."

"பரவால்ல."

மிர்ட்டெஸ் உட்கார்ந்தார். ஜுராந்திர் பின்னால் முக்காலி போட்டு, கைகளைத் தொடைகளுக்கிடையில் வைத்து அமுக்கிக்கொண்டார். விசைப்பலகையை இடித்துக்கொண்டே மிர்ட்டெஸ் பாதி வரியில் அடுத்த வரிக்குத் தாவினார். ஒன்றை எழுதி முடிப்பதற்குள் வேறொன்றைத் திறந்தார். குக்கர் விசிலடித்ததும் எழுந்து போய் வந்தார். திரும்பி வந்தவர் ஒரு சின்னச் செயற்கூறு எழுதினார், நிரலுக்குள் ஒரு தனி அறை மாதிரி. அதற்குள்ளேயே பட்டறை போட்டார். ஒலிமாற்றியைச் செய்தார். ஒலிமாற்றியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

ஜுராந்திரின் கை ஒன்று தொடைகளுக்கிடையிலிருந்து விடுபட்டு வெளியே வந்தது.

"பட்டறை?"

"என்ன பட்டறை?"

"உள்ளயே விட்டுட்டு வந்துட்டீங்களே. அதுக்குப் பேரு வச்சுப் புடிச்சுக்கலியே."

"எதுக்கு? சாமான் கைல வந்தாச்சு, வேலை முடிஞ்சுது. பட்டறையைக் கட்டிப்புடிச்சு அழவா?"

ஜுராந்திர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். தெருவில் ஒருவர் சோளப் பணியாரம் விற்றுக்கொண்டு போனார். இத்தனை வருடத்தில் ஜுராந்திர் எழுதிய எந்தச் சோதனை நிரலிலும் இப்படி ஒரு வரி கிடையாது. அவர் நிரல் எழுத உட்கார்ந்தால் முதல் வரியில் பட்டறை போட்டு, பெயர் வைத்து, கடைசி வரி வரைக்கும் அந்தப் பெயரை விடமாட்டார். விட வேண்டும் என்று தோன்றியதே இல்லை. பெயர் இருக்கும்வரை துப்புரவுக்காரர் தொடமாட்டார். மிர்ட்டெஸின் பட்டறைக்கோ பெயர் சொல்ல ஆளில்லை. நடனக் கூடத்தில் மிதிக்க மிதிக்கக் குப்பை சேர்கிறது. மூன்றாவது பாட்டில் துப்புரவுக்காரர் வருகிறார். ஆளில்லாத பட்டறையைப் பிரித்துப் போடுகிறார். உள்ளே பேஸ் கிடார் பாடிக்கொண்டிருக்கிறது. ஜுராந்திர் வருடக்கணக்கில் சோதித்துப் பார்த்ததெல்லாம் ஜுராந்திரை மட்டும்தான்.

"அப்போ தப்பு என்னுதுதானா?" என்று கேட்டார் மிர்ட்டெஸ். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "பேரு வச்சுப் புடிச்சுக்கணும்னு நீ எங்கயாவது எழுதியிருப்பியே."

எழுதியிருந்தார். விளக்கக் குறிப்பின் நடுப்பகுதியில், ஒரே வரியாக. ஆமாம் என்று சொல்லிவிட்டால் அன்றோடு முடிந்துவிடும். நியாயமும் அவர் பக்கம்தான்.

"இல்ல, டோனா மிர்ட்டெஸ். கைப்பிடிச் சுவரைப் புடிச்சுக்கிட்டு நடந்தாத்தான் விழ மாட்டீங்கன்னா, அது என்ன பாலம்? நான் பாத்துக்கறேன். நீங்க எப்படி எழுதறீங்களோ அப்படியே எழுதுங்க."

"குக்கர்ல கோழி இருக்கு, சாப்பிட்டுட்டுப் போ."

வெள்ளிக்கிழமை காலைப் படகில் வேலை முடிந்தது. பட்டறையில் செய்யும் ஒவ்வொரு சாமானோடும் அந்தப் பட்டறைக்கு ஒரு கயிறு கட்டிவிட்டார். சாமான் யார் கையிலாவது இருக்கும்வரை, பட்டறையின் பெயரை யார் மறந்தாலும், துப்புரவுக்காரர் கயிற்றைப் பார்த்துவிட்டு நகர்ந்துபோவார். திருத்தம் மொத்தம் சில வரிகள்தான். கஷ்டமாயிருந்தது சோதனை எழுதுவது. அலட்சியமாக எழுதிப் பார்க்கலாமென்று உட்கார்ந்தார். கை தன்னிஷ்டத்துக்கு எல்லாவற்றுக்கும் பெயர் வைத்துவிட்டுப் போயிற்று. இரண்டு முறை அழித்தார். கடைசியில் முந்தைய நாள் மிர்ட்டெஸ் எழுதியதை ஒரு எழுத்தும் மாற்றாமல் எடுத்து வைத்து, ஒவ்வொரு வரிக்கும் துப்புரவுக்காரரைக் கூப்பிட்டுப் பெருக்கச் சொன்னார். பழைய பாலம் இரண்டாம் வரியிலேயே விழுந்தது. புதியது நின்றது. அந்தச் சோதனைக்கு மிர்ட்டெஸ் என்றே பெயர் வைத்தார். அன்று மாலையே புதிய பாலத்தை மிர்ட்டெஸின் பெட்டியில் ஏற்றிக் கொடுத்தார்.

சனிக்கிழமைப் பிற்பகல் மன்றக் கூடத்தில் மின்விசிறிகள் வெந்நீரைக் கலக்குவது போலச் சுற்றிக்கொண்டிருந்தன. இஸ்திரி போட்ட சட்டைகளும் வாசனைத் தூளும் நிறைந்த கூட்டம். ஸொராய்டி முதல் பாட்டிலேயே யாரோ ஓய்வுபெற்ற கப்பல்காரருடன் ஆடப் போய்விட்டாள். ஜுராந்திர் மேடைக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு, முழங்காலில் காகிதத் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தட்டில் கோழிக்கறி அடைத்துப் பொரித்த கோஷின்யா மூன்று இருந்தன. அவர் பார்வை மிர்ட்டெஸின் வலது காலை விட்டு அசையவில்லை.

முதல் பாட்டு போயிற்று. இரண்டாவது போயிற்று. மூன்றாவது ஒரு பொலேரோ, மெதுவாக ஆடும் காதல் பாட்டு. டோனா ஐராசியை அவருடைய ஜோடி பின்னால் சாய்த்தார். மிர்ட்டெஸ் ஜுராந்திரைப் பார்த்துக்கொண்டே பெட்டியை மிதித்தார். மறுபடி மிதித்தார். வேண்டாத இடத்திலும் வேண்டுமென்றே மிதித்தார். ஒலி கனத்தது, நடுங்கியது, தரையில் இறங்கி நாற்காலிக் கால் வழியாக ஏறியது. டோனா ஐராசி நிமிர்ந்தார். நான்காவது பாட்டு ஆரம்பித்தது, ஐந்தாவது வந்தது.

ஆறாவதில் ஸொராய்டி மூச்சு வாங்க வந்து பக்கத்தில் நின்றாள். "இன்னும் அந்தக் காலையேதான் பாத்துக்கிட்டு இருக்கியா? என் காலைப் பாத்து எத்தனை வருஷமாச்சு."

ஜுராந்திர் தட்டை அவள் கையில் கொடுத்தார். எழுந்து நாற்காலியைத் தூக்கி, முழுக்கத் திருப்பி, மேடைக்கு முதுகைக் காட்டியபடி போட்டு உட்கார்ந்தார். பிறகு தட்டை வாங்கி, ஆறிப்போயிருந்த கோஷின்யாவை எடுத்துக் கடிக்கத் தொடங்கினார்.