மூட்டத்தில் கருப்பட்டி கொடுத்தவன்

வேட்டி கட்டும்போதுதான் முதலில் மூச்சு வாங்கியது. ஓடவில்லை, மூட்டை தூக்கவில்லை. குனிந்து வேட்டியை எடுத்து இடுப்பில் சுற்றுவதற்குள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு. வயசாகுதுல்ல என்றார்கள். சொன்னவர்கள் எல்லாரும் என்னைவிட மூத்தவர்கள், நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தவர்கள்.

உங்களுக்கும் இப்படி ஆரம்பித்திருந்தால் மேலே படியுங்கள். ஆறுதல் வேண்டுமென்றால் வேறு யாரிடமாவது போய்க் கேளுங்கள். என்னிடம் இல்லை.

உப்பூருக்கு மேற்கே கருவேலங்காட்டில் இருபது வருஷம் கரிமூட்ட மேஸ்திரியாக இருந்தேன். விறகைக் குவியலாக அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடித் தீ வைத்தால், கொழுந்துவிட்டு எரியாமல் நாள்கணக்கில் புகைந்து கரியாகும். மண்ணில் விரிசல் விட்டால் காற்றுப் புகுந்து எல்லாம் சாம்பல். அதனால் புகைக்குள்ளேயே நின்று விரிசலை அடைக்க வேண்டும். மூட்டம் பிரிக்கிற அன்று புகைக்குப் பதில் தூள். துப்பினாலும் கருப்பு, மூக்கைச் சிந்தினாலும் கருப்பு.

அதற்கு எங்களிடம் ஒரு வைத்தியம் இருந்தது. வேலை முடிந்ததும் ஆளுக்கு ஒரு துண்டு கருப்பட்டி. நெஞ்சில் தங்கிய கரியை அது வயிற்றுக்கு இறக்கி, மறுநாள் காலையில் வெளியேற்றிவிடுமாம். மேஸ்திரி கையால்தான் கொடுப்பது வழக்கம். இருமுகிறவர்களுக்கு இரண்டு துண்டு கொடுப்பேன். என் மனைவி ராக்கம்மாளும் அங்கேதான் கரி சலித்தாள். அவளுக்கும் கொடுத்தேன். மூக்கில் துணி கட்டிக்கொண்டு வந்த ஒருத்தியை, "என்ன, கல்யாணப் பொண்ணா? மூஞ்சிய மூடிக்கிட்டு வாரே" என்று எல்லார் முன்னாலும் கேலி செய்தேன். மறுநாள் அவள் துணி இல்லாமல் வந்தாள். அந்த வாயை நினைத்தால் இப்போது அறையத் தோன்றுகிறது.

முதல் டாக்டர் என்னைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"பீடிய எப்ப விட்டே?"

"நான் பீடி குடிச்சதே இல்ல சார்."

"எல்லாரும் இதத்தான் சொல்றீங்க" என்று சிரித்துவிட்டு, சீட்டில் பீடி என்று எழுதினார்.

இரண்டாவது டாக்டர் டி.பி. என்றார். சளியில் கிருமி இல்லை என்று சோதனையில் வந்த பிறகும் மாதக்கணக்கில் மாத்திரை. வராத நோய்க்கு ஒழுங்காக மருந்து சாப்பிட்டவன் நான். டீக்கடையில் எனக்குத் தனித் தம்ளர் வைத்ததுதான் மிச்சம்.

கடைசியில் மதுரையில் ஒரு பெண் டாக்டர், என் வயதில் பாதி இருக்கும். ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதவைத்து நுரையீரலின் திறனை அளக்கும் சோதனை) எடுத்துவிட்டு, "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். அதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. சொன்னேன்.

சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் சுருங்கி, இழுத்த காற்றை வெளியே விட முடியாமல் போகும் நாள்பட்ட நோய்) என்றார். புகை மூச்சுக்குழாயைப் புண்ணாக்கித் தடிக்க வைக்கும்; நுண்ணிய தூள் அடிவரை போய்க் காற்றறைகளின் (ரத்தத்தில் பிராணவாயுவைச் சேர்க்கும் சிறு பைகள்) சுவர்களை அரித்துவிடும். சிதைந்த சுவர் திரும்ப வளராது.

"தினமும் கருப்பட்டி தின்னோமேம்மா" என்றேன்.

"அது வயித்துக்குப் போற வழி, இது மூச்சு போற வழி. கருப்பட்டி நுரையீரல் பக்கமே போகாது அய்யா."

பள்ளிக்கூடத்துப் பாடம்தான். நான் பத்தாவது பாஸ். அந்த இரண்டு குழாயையும் நோட்டில் வரைந்து மார்க் வாங்கியிருக்கிறேன்.

இன்ஹேலர் (மருந்தை மூச்சோடு உள்ளிழுக்கும் கருவி) கொடுத்தார்கள். உதட்டைக் குவித்து மெதுவாக ஊதி மூச்சு விடப் பழக்கினார்கள். சில மாதங்களில் நடமாட முடிந்தது. குணம் என்றால் இவ்வளவுதான், அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

மூட்டத்தை விட்டேன். ராக்கம்மாள் விடவில்லை. எனக்குப் பின் மேஸ்திரியானவன் அவள் தம்பி சேது. அவனிடம் போய், ஆட்களைக் காற்று வரும் பக்கமாக நிறுத்து, தூளில் தண்ணீர் தெளித்த பிறகு வாரச் சொல், மூக்கில் துணி கட்டச் சொல் என்றேன்.

"நீங்க மேஸ்திரியா இருந்தப்ப இந்தப் புத்தியெல்லாம் எங்கன போச்சு மச்சான்?" என்றான்.

அவன் சொன்னது சரி என்பதாலேயே அவனை வெறுத்தேன்.

ராக்கம்மாளையாவது வெளியே கொண்டுவர நினைத்தேன். ஒரு தடவை மதுரைக்கு வந்து குழாயில் ஊது என்று கெஞ்சினேன், கத்தினேன்.

"எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்க உக்காந்துட்டீக. நானும் உக்காந்தா சோத்துக்கு எங்கன போக?" என்றாள்.

தினமும் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். வேலை விட்டு வந்ததும் ராக்கம்மாள் துணைக்கு வருவாள். கடற்கரைக்குப் போகும் ரோடு எனக்கு இப்போது தூரமாகத் தெரிவதில்லை, இத்தனை மூச்சு என்றுதான் தெரிகிறது. பாலம் வரை நாற்பது மூச்சு, நிற்க வேண்டும். ஐஸ் கம்பெனி வரை இன்னொரு நாற்பது. நான் நிற்கும் இடத்திலெல்லாம் அவளும் நிற்பாள். எனக்காக இரக்கப்பட்டு நிற்கிறாள் என்று எரிச்சலாக வரும்.

ஒரு நாள் மருந்து நன்றாகக் கேட்டது. பாலத்தில் நிற்காமல் நடந்தேன். ஐஸ் கம்பெனியையும் தாண்டினேன். பெருமையாக அவளிடம் சொல்லத் திரும்பினால் பக்கத்தில் ஆள் இல்லை. பாலத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் குனிந்து நின்றிருந்தாள். இத்தனை நாளும் எனக்காக அவள் நிற்கவில்லை.

திரும்ப ஓடினேன். என்னால் ஓட முடிந்தது அதுதான் கடைசி.

"நீங்க போங்க, வாரேன்" என்றாள். அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு மூன்று மூச்சு பிடித்தது.