மாமா அறையின் அளவு

என் தையல் பெட்டியின் அடியில் மஞ்சள் நிற அங்குல டேப் ஒன்று கிடக்கிறது. முனை நைந்து, முதல் சில எண்கள் அழிந்துவிட்டன. ரவிக்கைக்கு அளவெடுக்க வாங்கிய டேப் அது. அதைக் கொண்டு ஓர் அறையையும் அளந்திருக்கிறேன். எழுபதுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம், கொல்லங்கோட்டில் நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில், என் மாமனார் படுத்திருந்த அறை. நான் எடுத்த அளவு சரியாகத்தான் இருந்தது. அந்த வீட்டில் அதைக் கேட்கத்தான் யாரும் இல்லை.

மாமா ஆயுள் முழுக்க நெற்களத்தில் நின்றவர். அந்தத் தூசி நெஞ்சில் தங்கி, கடைசியில் இளைப்பாகப் பிடித்துக்கொண்டது. கணவாய்க் காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும் ஊர் இது. ஜன்னலைத் திறந்தால் இருமல், சாத்தினால் வேக்காடு. அறையை அடைத்து, குளிர்ச்சியாகவும் ஈரமில்லாமலும் வைத்திருக்கச் சொன்னார் டாக்டர். கோயமுத்தூர் மில்காரர் வீட்டில் கழித்துப்போட்ட சின்ன ஏசி ஒன்றை மாமாவே வாங்கிவந்து ஜன்னலில் மாட்டினார். நாலைந்து வருடம் அதுதான் அவருக்கு மூச்சுக்குத் துணை. அந்தப் பங்குனியில் அது நின்றுபோனது. கம்ப்ரஸர் போய்விட்டது, இனிப் பிரயோசனமில்லை என்று மெக்கானிக் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினார்.

குடும்பம் பிரியாத காலம் அது. பணப்பெட்டிச் சாவி என் கணவரின் அண்ணனிடம், அதாவது என் மச்சாண்டாரிடம் இருந்தது. புது மெஷின் வாங்க அவரும் என் கணவரும் கோயமுத்தூர் போனார்கள். நான் அளந்து சொன்ன நீள அகலத்தை என் கணவர் மனப்பாடமாகக் கொண்டுபோனார். அந்த அளவு அறைக்கு ஒரு டன்னே தாராளம் என்றாராம் கடைக்காரர். "பெருசு போட்டா வெரசாக் குளுந்து வெரசா நின்னு போகுமுங்க. ஈரத்த இழுக்கறதுக்கு அதுக்கு நேரமே இருக்காது. கரண்டு மட்டும் கண்டபடி இழுக்குமுங்க" என்றும் சொல்லியிருக்கிறார். மச்சாண்டார் சிரித்துவிட்டு இரண்டு டன் மெஷினைக் காட்டி, "அதையே போடுங்க. நாளைக்கு ஆசாரத்துக்கு ஆகுமுங்க" என்றாராம். ஆசாரம் என்பது எங்கள் வீட்டின் முன்கூடம். வருகிற சம்பந்திகளும் ஆபீசர்களும் உட்காரும் இடம்.

இதை என் கணவர் ஏதோ வெயில் விவரம் சொல்வதுபோலச் சொன்னார். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "அண்ணன் சொல்றப்ப நா என்னத்தப் பேசறது" என்று துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். அண்ணன் முன்னால் வாயைத் திறக்காமல் இருப்பதை மரியாதை என்றே அவர் கடைசிவரை நினைத்திருந்தார். எனக்கு அது மரியாதையாகத் தெரிந்ததில்லை.

வளரும் பிள்ளைக்குச் சட்டையைப் பெரிதாகத் தைப்பது அந்த வீட்டு வழக்கம். எதை வாங்கினாலும் நாளைக்கும் ஆகும்படி வாங்குவார்கள். படுக்கையில் கிடந்த மனிதருக்கும் அதே கணக்கைப் போட்டார்கள். பெரிய மெஷின் பழைய ஜன்னலுக்குள் நுழையாததால் தேக்குச் சட்டத்தை அறுத்துச் சுவரையும் இடித்தார் கொத்தனார். அந்த வேலை முடிந்ததும் அப்படியே போய், அதே அளவுக்கு ஆசாரத்துச் சுவரிலும் ஒரு ஓட்டை போட்டார். இரண்டாவது முறை கூலிக்கு ஆள் கூப்பிட வேண்டாம் என்று மச்சாண்டார் சொல்லியிருந்தார். அந்த ஓட்டையை இப்போதைக்குப் பலகை வைத்து அடைத்தார்கள்.

மாமா அறைக்கும் ஆசாரத்துக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு சுவர். மாமா கண்ணை மூடி உளிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். "அம்மணி, ஆசாரத்துல எதுக்குச் செவுத்த ஒடைக்கறாங்க?" என்று கேட்டார். என்னவோ மராமத்துங்க மாமா என்றேன். மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு, "எனக்குத் தெரியும் அம்மணி. நீ பொய் சொல்லாத" என்றார்.



மெஷின் கிளம்பினால் வீட்டு விளக்கெல்லாம் மங்கும். கிணற்று மோட்டார் முனகிக்கொண்டு நின்றுவிடும். சித்திரையில் கடலை வாடத் தொடங்கியபோது மாமாவே என்னைக் கூப்பிட்டு, "அத நிறுத்திப்போடு அம்மணி, தண்ணி பாயட்டும்" என்றார். அவர் வேர்த்துக் கிடக்க, வயலுக்குத் தண்ணீர் பாய்ந்தது. மழை பிடித்ததும் கடைக்காரர் சொன்னது அப்படியே பலித்தது. அறை சட்டென்று சில்லிடும், மெஷின் நின்றுவிடும், போர்வையும் தலையணையும் நசநசவென்றிருக்கும். ஈரம் ஆகாத நெஞ்சு அது. சின்னதாக மாற்றிவிடலாம் என்று மச்சாண்டாரிடம் நானே நேரில் கேட்டேன். அந்த வீட்டில் மருமகள் ஒருத்தி அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. "வாங்குனத எவன் திருப்பி எடுப்பான்? அப்பனுக்கு என்ன, குளுகுளுன்னுதான இருக்குது" என்று போய்விட்டார். ஆடியில் மாமா போய்ச் சேர்ந்தார். நோய்தான் கொண்டுபோனது என்பார்கள். இருக்கலாம். கடைசி இரண்டு மாதம் அவர் பட்ட பாட்டை அருகில் இருந்து பார்த்தவள் நான்.

கருமாதி முடிந்த மறுநாளே மெஷின் ஆசாரத்துக்குப் போனது. பலகையை எடுத்தார்கள், தூக்கி வைத்தார்கள், கனகச்சிதமாகப் பொருந்தியது. வந்தவர்களெல்லாம் குளிர்ச்சியைப் புகழ்ந்தார்கள். மாமா அறை ஓட்டையைச் செங்கல் வைத்து அடைத்துச் சுண்ணாம்பு பூசினார்கள்.

பாகம் பிரிந்தபோது அந்த அறை எங்கள் பங்கில் வந்தது. இப்போது அதில் நான்தான் படுக்கிறேன். எத்தனை வெள்ளை அடித்தும் ஓட்டையை அடைத்த இடம் மட்டும் தனியாகத் தெரிகிறது. போன வாரம் என் ஏசி நின்றுபோக, கடைக்காரரை வரவழைத்தான் மகன். இப்போதெல்லாம் பெட்டியிலேயே நட்சத்திரம் ஒட்டி, எது குறைவாகக் கரண்டு தின்னும் என்று சொல்லிவிடுகிறார்கள். அறைக்கு ஒரு டன் போதும் என்றார் அவர். மகன் செல்போனைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு டன்னே போட்டுக்கலாமுங்கம்மா. பொறகு ஹாலுக்கு மாத்திக்கலாம்" என்றான். அவன் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார் மாமா. இந்தக் கதை எதுவும் அவனுக்குத் தெரியாது. நல்ல பிள்ளைதான்.

"பொறகுன்னா எப்பக் கண்ணு?" என்று கேட்டேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். நான் தையல் பெட்டியைத் திறந்து டேப்பை எடுத்தேன். ஒரு முனையை அவன் கையில் கொடுத்துச் சுவரோரம் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.