கடலுக்குள் போன மாசாய்

ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் ஊரில் ஐயாசாமிக்குப் பிறந்தது மூன்று, தங்கியது இரண்டு. மூத்தவன் தங்கராஜு, கடைசி யோகேஸ்வரி. அவளைத் தெற்குக் கோடியில் இருக்கிற மாசாயில் ஒரு குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். பாசிர் கூடாங்கில் எட்டு வருடம் தொழிற்சாலை வேலை பார்த்தாள். ஆள் குறைத்தபோது அவளுக்கும் போயிற்று. சும்மா இருக்கிற பெண்ணா அவள்? கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனாள். நாற்பது வயதில் தெப்ராவில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தாள். ஒரு வருட ஒப்பந்தம். நான் சொல்லப்போவது அந்த வருடம் முடிய ஐந்து நாள் இருந்தபோது நடந்தது.

வேலை இதுதான். ஜொகூர் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் அன்றைக்கு எத்தனை மில்லிமீட்டர் மழை என்று எழுதி வைத்திருப்பார்கள். நாளுக்கு ஒரு டெக்ஸ்ட் ஃபைல், அதில் கட்டங்களின் வரிசைக்கு ஒன்றாக முப்பத்தைந்து வரி, எல்லாம் வெறும் எண். எந்த எண் எந்த ஊருக்கு என்று ஒரு வார்த்தை இருக்காது. இதை நெட்சிடிஎஃப் என்று விஞ்ஞானிகள் புழங்குகிற ஃபைலாக மாற்ற வேண்டும். அதில் ஒவ்வொரு எண்ணோடும் அதன் இடமும் தேதியும் அளவும் சேர்ந்தே இருக்கும். இந்த ஃபைலுக்கு யார் என்ன செய்தார்கள் என்று எழுதி வைக்கவும் உள்ளேயே இடம் உண்டு. கடலில் விழுகிற கட்டத்துக்கு மட்டும் மழை கிடையாது; 'மதிப்பு இல்லை' என்று வரும்.

யோகேஸ்வரி புரோகிராம் எழுதி மாற்றினாள். சரியா என்று பார்க்க அவளுக்கு ஒரு வழி தெரியும். ஐயாசாமி செத்த அன்று குளுவாங்கில் பெய்த மழையில் பிண வண்டி சேற்றில் சிக்கி, மகனும் மருமகனும் இறங்கித் தள்ளினார்கள். அந்தத் தேதிக்குக் குளுவாங் கட்டத்தைக் கேட்டாள். இருநூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர் என்று வந்தது. ஞாபகத்தில் இருந்த இன்னும் நாலைந்து மழை நாள் பார்த்தாள், எல்லாம் குளுவாங்தான், எல்லாம் பொருந்தியது. முதலாளி ஹேமநாதனிடம் சரி என்று சொன்னாள். இருபது வருட மழை, வடிகால் திட்டம் போடுகிறவர்களுக்குப் போயிற்று.

இன்னும் ஒரு வருட மழை மிச்சம் இருந்தது; அது தாளில்தான் இருந்தது, ஒவ்வொரு எண்ணாகத் தட்டி ஏற்ற வேண்டும். ஞாயிறு மத்தியானம் மாசாயில் நாத்தனார் செல்லம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமையும் மழைதானா?" என்றாள் செல்லம். "எங்க பொண்ணு மலருக்குச் சடங்கு வச்சோமே, பந்தல் சாஞ்சு சாம்பாரு அண்டாக்குள்ள தண்ணி போச்சு. அன்னைக்கு எவ்ளோன்னு சொல்லு பாப்போம்."

"தேதி சொல்லுங்க அண்ணி."

செல்லம் தேதியைக் கிழமையோடு சொன்னாள். யோகேஸ்வரி மாசாய் கட்டத்தைக் கேட்டாள். மதிப்பு இல்லை. அடுத்த நாளைக் கேட்டாள், அதுவும் இல்லை. இருபது வருடத்திலும் மாசாய்க்கு ஒரு சொட்டு இல்லை.

"என்னமா, முகம் மாறுது?"

"மாசாய கடல்னு காட்டுது அண்ணி."

"அப்ப நாங்க இத்தன வருசமா மீனு கூடவா குடியிருக்கோம்?"

யோகேஸ்வரி சிரிக்கவில்லை. அதுவரை தோன்றாத ஒன்றைச் செய்தாள்: எண்களைப் படமாக வரைந்தாள். ஜொகூர் தலைகீழாக நின்றது. தெற்கே இருக்க வேண்டிய கடல் வடக்கே இருந்தது. டெக்ஸ்ட் ஃபைலின் முதல் வரி வடக்கு. அவள் புரோகிராம் அதைத் தெற்கு என்று எடுத்திருக்கிறது. குளுவாங் பதினெட்டாவது வரி. முப்பத்தைந்தில் அது மேலிருந்து எண்ணினாலும் பதினெட்டு, கீழிருந்து எண்ணினாலும் பதினெட்டு. எல்லா ஊரும் இடம் மாறியபோது அவள் பிறந்த ஊர் மட்டும் அசையாமல் இருந்திருக்கிறது.

"திருத்திட முடியாதா?"

"திருத்துறது ஒரு வரிதான் அண்ணி. அனுப்பிட்டோமே."

"வேலைக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

"வெள்ளிக்கிழமைதான் சொல்வாங்க."

திங்கள் காலை ஹேமநாதன் பையைக் கீழே வைக்கும் முன்பே சொல்லிவிட்டாள். அவர் கதவைச் சாத்தினார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு. எங்க நாத்தனாருக்கு."

"அலமாக்," என்று தலையில் கை வைத்தார். "நாத்தனாருக்கேவா? சரி, புது வெர்ஷன்னு அனுப்பிடலாம்லா. ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டாங்க."

"பழச வச்சு கணக்கு போட்டிருந்தா பாஸ்? இங்க தெப்ராவ் கால்வாய வடக்க இருக்கிற எண்டாவ் பக்கத்து மழைக்கு வெட்டுவாங்க. புதுசு வந்துச்சுன்னா பழச தூக்கிப் போடணும்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒன் ஒப்பந்தம் அவங்க சரின்னு சொன்னாத்தான் நீளும். அது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

ஹேமநாதன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி, நடந்தத அப்படியே எழுது. ஒன் பேரையுமா போடப்போற?"

"போட்டாத்தானே யார கேக்குறதுன்னு தெரியும்."

மறுபடி மாற்ற நாற்பது நிமிடம் ஆயிற்று. இம்முறை குளுவாங், மாசாய், மெர்சிங், சிகாமட் எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும், வரலாறு எழுதும் இடத்தில், முன்பு அனுப்பியவை வடக்கு தெற்கு மாறியவை, பயன்படுத்த வேண்டாம் என்று எழுதித் தன் பெயரைப் போட்டாள். நடந்ததைச் சொல்லி அவர்களுக்குக் கடிதம் எழுதத்தான் அரை நாள் பிடித்தது.

புதன்கிழமை போன் வந்தது. வடிகால் திட்ட அலுவலகத்து அம்மாள் மலாயும் ஆங்கிலமுமாக இருபது நிமிடம் திட்டினாள். பழைய எண்ணை வைத்து இரண்டு இடத்துக்குக் கணக்கு முடித்திருந்தார்களாம், திரும்பப் போட வேண்டுமாம். இன்னும் எதுவும் தோண்டவில்லை என்பதையும் அவளே சொன்னாள். யோகேஸ்வரி எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றாள்.

வெள்ளிக்கிழமை ஹேமநாதன் தாளை நீட்டினார். ஒரு வருடம் கேட்டிருந்த இடத்தில் மூன்று மாதம் என்று இருந்தது.

"வெட்டி விடத்தான் பாத்தாங்க. நான் பேசி மூணு மாசம் வாங்கினேன்," என்றார். "கோவமா?"

"வருத்தந்தான் பாஸ். கோவமெல்லாம் இல்ல."

"அதுக்கப்புறம் எப்படியோ, எனக்குச் சொல்லத் தெரியல."

"மூணு மாசத்துல அந்த மிச்ச வருசத்து மழைய ஏத்தி முடிச்சிரலாம்," என்று சொல்லி யோகேஸ்வரி பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.