முதலில் பி.பி., அப்புறம் பொன்னாடை

வருங்காலப் பொது சுகாதார அதிகாரிகளுக்கு மருத்துவமனை நிர்வாகம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. விழுப்புரத்தில் வகுப்பு. வருடாவருடம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். அதனால் வாயை அடக்கு என்பார்கள் வீட்டில். அது எங்கே அடங்குகிறது!

அன்று மாணவர்களோடு திண்டிவனம் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். வருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவதுதான் முறை. வாசலில் கோலம், உள்ளே பினாயில் வாசனை, தட்டில் பொன்னாடை. பெஞ்சில் ஒரு நோயாளிகூட இல்லை. மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பிடுங்குகிற நேரம், அதனால் கூட்டமில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தால், கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் நிறைமாதக்காரி ஒருத்தி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இறங்கிப் போனேன். பாதம் வீங்கிச் செருப்பு நுழையாமல் பக்கத்தில் கிடந்தது.

“ஏம்மா, இங்க ஏன் உக்காந்துக்கினு இருக்க?”

“யாரோ பெரிய ஆளுங்க வர்றாங்களாம் மேடம். கும்பலா இருந்தா நல்லா இருக்காதாம். எல்லாரையும் நாளைக்கி வரச் சொல்லிட்டாங்க. தல விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. பஸ்ஸு வரட்டும்னு உக்காந்துக்கினு இருக்கேன்.”

அந்தப் பெரிய ஆளுங்க நாங்கள்தான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன். பொறுப்பு மருத்துவர் பொன்னாடையோடு எதிரே வந்தார்.

“முதல்ல இவங்களுக்கு பி.பி. பாருங்க. அது அப்புறம்.”

“மேடம், நீங்க வர்றீங்கன்னுதானே இவ்ளோ ஏற்பாடு?”

“நோயாளிங்களத் தொரத்திட்டு என் பசங்களுக்கு எதக் காட்டப் போறீங்க? கோலத்தயா?”

மாணவி ஒருத்தி பி.பி. பார்த்தாள். நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து என்று படித்த மாணவியின் முகமே வெளுத்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் வலிப்பு வந்திருக்கும். தாய், பிள்ளை இரண்டு பேருமே தப்புவது கஷ்டம். மருத்துவர் பொன்னாடையை மேசையில் போட்டுவிட்டு ஓடினார். ஊசி போட்டு, நூற்றியெட்டு ஆம்புலன்ஸில் விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

மறுநாளே துறைத் தலைவர் கூப்பிட்டார். “போன எடத்துல மானத்த வாங்கிட்டீங்களாமே. ஒரு சாரி சொல்லிடுங்க மேடம். இல்லன்னா ரினியூவல் கஷ்டம்.”

“சொல்றேன் சார், அந்தப் பொண்ணுகிட்ட. வேற யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். இனிமே எந்த எடத்துக்கும் சொல்லிட்டுப் போகவும் மாட்டேன்.”

ஒப்பந்தம் இன்னும் வரவில்லை. வராவிட்டால் போகட்டும், போ!

சொன்னபடியே அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க, மாணவர்களையும் கூட்டிக்கொண்டு விழுப்புரம் ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டுக்குப் போனேன். பெண் குழந்தை. எங்கள் கூட்டத்தைக் கண்டதும் அவள் பதறிப்போய், பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தாள்.

“யாராச்சும் வர்றாங்களா மேடம்? நாங்க வெளிய போயிடணுமா?”

என் மாணவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வார்டு முழுக்கக் கேட்கட்டும் என்றே சொன்னேன்:

“யார் வந்தாலும் நீ எழுந்திரிக்காதம்மா.”