நான் ஒளித்து வைத்த அலை

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதக் காலை. தூத்துக்குடியில் துறைமுகச் சாலையை ஒட்டிய எங்கள் கருத்தரங்கக் கூடத்தில், வெளியூர்ப் பேராசிரியர்கள் உட்பட அறுபது பேர் முன்னால், என் ஆய்வு மாணவி முதன்முறையாகப் பேச எழுந்தாள்.

விண்வெளியில் இரண்டு கருந்துளைகள் மோதினால் எழும் ஈர்ப்பு அலை, பூமியைக் கடக்கும்போது மிக மெல்லிய தடம் விட்டுப்போகும். வெளிநாட்டுக் கருவிகள் பதிவுசெய்து பொதுவில் தரும் தரவைச் சலித்து, மற்றவர்கள் தவறவிட்ட தடத்தைத் தேடுவதுதான் எங்கள் குழுவின் வேலை. எங்கள் கணினி நிரலுக்குக் கண் சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க, அவ்வப்போது நானே ஒரு போலி அலையை யாருக்கும் சொல்லாமல் தரவுக்குள் ஒளித்து வைப்பேன். பிறகு எடுத்துவிடுவேன்.

அந்த மாதம் ஓர் அலை சிக்கியது. எங்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவள் மட்டும், "மேம், இது நீங்க ஒளிச்சு வச்சதா இருக்குமோ?" என்று கேட்டாள்.

"அதைத்தான் அன்னைக்கே எடுத்துட்டேன்லா. இப்படிச் சந்தேகப்பட்டுக்கிட்டே இருந்தா எப்பந்தான் தீசிஸ் முடிப்ப?" என்று எல்லார் முன்னாலும் ஏசிவிட்டேன். சரிபார்த்துவிட்டு ஏசியிருக்கலாம். எனக்கு அவசரம், அதைவிட ஆசை.

மோதிய கருந்துளைகளின் எடைக் கணக்கு கருத்தரங்கு அன்று காலைதான் முடிந்திருந்தது. அதைத் திரையில் போட்டாள். இரண்டுமே ஏறக்குறைய முப்பது சூரியன்களின் எடை. போலி அலைக்கு நான் எப்போதும் கொடுப்பது முப்பது, முப்பதுதான். மடிக்கணினியைத் திறந்தேன். அவசரத்தில் கடவுச்சொல் இரண்டு முறை தப்பானது. இரண்டு கோப்புகளில் ஒளித்தவள், ஒன்றிலிருந்து மட்டும் எடுத்திருக்கிறேன்.

முன்வரிசையில் ஒருவர் கேள்வி கேட்கக் கை தூக்கினார். இப்போது பேசாமல் இருந்துவிட்டு, அப்புறம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், பொய் சொல்வானேன். ஆனால் அவமானம் முழுக்க அவள் பெயரில் அல்லவா விழும். எழுந்தேன்.

"மன்னிக்கணும். அது நிஜ அலை இல்லை. சோதனைக்கு நான் போட்டது, எடுக்காம விட்டுட்டேன். இவ போன வாரமே கேட்டா. நான்தான் ஏசி வாயை அடைச்சுட்டேன்."

வெளியே ஒரு கண்டெய்னர் லாரி போய் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

அவள் மைக்கை நெருங்கி, மெதுவாகச் சொன்னாள்: "அப்பம் நம்ம புரோகிராம் சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கு, மேம்."

கூடம் சிரித்தது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் ஆய்வகத்தில் இப்போது போலி அலையை ஒளித்து வைப்பவள் அவள்தான். "ஒளிச்சதை எடுத்துட்டியா?" என்று நான் கேட்கும்போதெல்லாம், ஒரு வார்த்தை பேசாமல் கோப்பைத் திறந்து காட்டுகிறாள்; அன்று நான் செய்திருக்க வேண்டியதும் அவ்வளவுதான்.